மரபணுவும் வாழ்வுமுறையும்

"பாட்டனார்க்கு நீரிழிவு, தந்தைக்கும் அதுவே, எனக்கும் வருவது தலையெழுத்து" எனக் கூறி, உணவிலும் உழைப்பிலும் கருத்தின்றி வாழ்வோர் நம்மிடையே பலர். மரபணு பற்றிய அண்மைக் கால ஆய்வுகள் இக்கூற்றுக்கு இடந்தருமா என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள்.

ககரத்தின்மேல் ஒரு புள்ளி இட்டால் வரிவடிவம் அதுவே; ஆயினும் ஒரு மாத்திரை அரை மாத்திரையாகக் குறைகிறது. டி.என்.ஏ. இழையிலும் இத்தகைய புள்ளிகள் உண்டு. மீத்தைல் என்னும் சிறு வேதித்தொகுதி அவ்விழையின் சில இடங்களில் ஒட்டிக்கொள்ளும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது மிகுந்தால் அம்மரபணுவின் செயல் பெரும்பாலும் அடங்கும், நீங்கினால் எழும். கண்ணின் உயிரணுவும் தசையின் உயிரணுவும் ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டிருந்தும் வேறுபட்டுத் தொழிற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்புள்ளிகளை நம் பழக்கங்கள் மாற்றுமா? சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகிய விடை தருகிறது. உடல்நலமுள்ள இளைஞர் 23 பேர் மூன்று திங்கள், வாரம் நான்கு முறை, முறைக்கு 45 நிமிடம் ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி அளித்தனர். மற்றக் கால் வாளா இருந்தது. ஒரே உடல், ஒரே உணவு, ஒரே மரபணு. வேறுபாடு உழைப்பு ஒன்றே. பயின்ற காலின் தசையில் ஏறத்தாழ 5,000 இடங்களில் மீத்தைல் குறிகள் மாறியிருந்தன! ஆற்றலைப் பயன்படுத்தல், இன்சுலினுக்கு இணங்கல், அழற்சி ஆகியன தொடர்பான மரபணுக்கள் அவற்றுள் அடங்கும்.

தலசீமியா போன்று ஒரு மரபணுவின் பிழையால் நேரும் நோயை நடைப்பயிற்சி நீக்காது. நீக்கும் என்று விளம்பரம் செய்வோரை நம்புதல் வேண்டா.

நீரிழிவின் நிலை வேறு. இரத்தச் சர்க்கரை சற்று உயர்ந்திருந்த 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. உணவும் உழைப்பும் திருத்தியோரிடம் நீரிழிவு 58 விழுக்காடும், மெட்ஃபார்மின் உண்டோரிடம் 31 விழுக்காடும் குறைந்தன. அவர்களது மரபணுக்களையும் பின்னர் ஆராய்ந்தனர். டி.சி.எஃப்.7எல்2 என்னும் மரபணுவின் தீய வடிவத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர்க்கு, அது இல்லாதவரினும் நோய் வாய்ப்பு மிகுதி. போலி மருந்து உண்ட குழுவில் அம்மிகுதி ஏறத்தாழ 80 விழுக்காடு. வாழ்வுமுறையைத் திருத்திய குழுவிலோ 15 விழுக்காடே. இம்முடிவு 2006-இல் வெளியாயிற்று. இதற்கு மீத்தைல் குறிகளே காரணம் என்று அவ்வாய்வு கூறவில்லை. எடைக்குறைவுக்கும் பெரும்பங்கு உண்டு. அக்குழுவினர்க்கு விதிக்கப்பட்டவை இரண்டு: உடல் எடையில் 7 விழுக்காடு குறைத்தல், விரைநடை போன்ற உழைப்பு வாரத்திற்கு 150 நிமிடம்.