ஓட்டுநரும் எச்.ஐ.வி.யும்

எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டி ஓடும் ஓசூர்ச் சாலையில் நாமக்கல் லாரிகளை நாள்தோறும் காண்கிறோம். அவற்றை ஓட்டுவோரை நோய் பரப்புவோர் என்றே நம்முள் பலர் எண்ணுகின்றனர். இஃது அறிவுக்குப் பொருந்துமா?

இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். கண்டவர்கள் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும். (நம்மைப் போல் முதுநிலை பயின்றவர் அவர்!)

ஓட்டுநரிடையே பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. எஞ்சின் வெப்பம் உடலில் ஏறுகிறதாம். உறவு கொண்டால் அச்சூடு தணியுமாம். உடற்சூட்டை வியர்வை தணிக்கும். தண்ணீரும் ஓய்வும் போதும். வாரக்கணக்கில் வீடு காணாத தனிமைக்குத்தான் சூடு என்று பெயரிட்டனர் போலும்!

தோற்றத்தைக் கண்டு ‘நோயில்லை’ எனத் துணிவது இன்னொரு பிழை. கிருமி வெள்ளணுக்களைச் சிறுகச் சிறுக அழிப்பதால், பல ஆண்டுகள் வெளிக்குறியே தோன்றாதிருக்கலாம். குருதிச் சோதனையே காட்டும். தொற்றிய முதற் சில வாரங்களில் அதுவும் காட்டாது போகலாம். ஆகவே ஆணுறையும் வேண்டும், மறு சோதனையும் வேண்டும்.

பின் ஏன் சோதனைக்கு வருவதில்லை? வேலை போய்விடும், மனைவி அறிவாள் என்னும் அச்சமே. தொற்றைக் காட்டி முறையின்றி வேலைநீக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் தடுக்கிறது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். அதனைத் தவறாது உண்டு, குருதியில் கிருமி காணவியலா நிலை நீடித்தால், உறவின் வழி மனைவிக்குத் தொற்றாது. இச்செய்தியை எத்தனை ஓட்டுநர் அறிவர்? ஐயமுடையோர் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் கேட்கலாம்.