பூட்டும் திறவுகோலும்

நுழையும்முன்

அறிவுச் செல்வத்தைக் காப்பதும் அதனை நாடுவோர்க்கு வழங்குவதும் ஒன்றற்கொன்று முரணானவையா? சுவடி நூலகமும் கணினியும் இவ்வினாவிற்கு ஒத்த விடையையே தருகின்றன.

புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைச்சுவடிகளைத் திரட்டிக் காத்துவருகிறது. புதுச்சேரியிலுள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005ஆம் ஆண்டு உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. பொதுவாகச் சுவடி நூலகங்களில் பேழையின் திறவுகோல் காப்பாளரிடமே இருக்கும். வேண்டிய கட்டு மட்டும் வாசகரின் மேசைக்கு வரும்.

இன்று சுவடிகளின் எண்மப் படிகள் வட்டுகளில் சேமிக்கப்படுகின்றன. அத்தகைய வட்டொன்றை ஆய்வு மாணவி ஒருவர் பொதுக்கணினியில் இணைப்பதாகக் கொள்வோம். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் வட்டைச் செருகினால் மட்டும் போதாது. கோப்புறை அமைப்பின் ஓரிடத்தில் அதனைப் பொருத்தவும் வேண்டும். இச்செயல் 'மவுண்ட்' எனப்படும். மரபாக இவ்வுரிமை 'ரூட்' என்னும் முதன்மைப் பயனருக்கே உரியது. ஏனெனில், முதன்மைப் பயனரின் அதிகாரத்துடன் இயங்கவல்ல நிரலொன்று வட்டில் மறைந்திருந்தால், கணினி முழுவதும் பிறர் கைக்குப் போய்விடும்.

அதற்காக மாணவியிடம் ரூட் கடவுச்சொல்லைக் கொடுப்பது, ஒரு கட்டினைக் கேட்டவரிடம் நூலகத்தின் திறவுகோல்களையெல்லாம் ஒப்படைப்பதாகும். லினக்ஸில் இதற்கு ஏற்ற வழியுண்டு. 'எஃப்எஸ்டேப்' என்னும் கோப்பில் அவ்வட்டுக்குரிய வரியில் 'யூசர்' என்னும் சொல்லை நிருவாகி சேர்த்தால், எளிய பயனரும் அதனைப் பொருத்தலாம். அப்போது வட்டிலுள்ள நிரல்களை நேரடியாக இயக்கவோ, அவற்றின்வழி உயர் அதிகாரம் பெறவோ இயலாதவாறு தடைகளும் தாமாகவே அமைகின்றன. வட்டினைப் பொருத்தியவரே அதனை விடுவிக்கலாம். 'படிக்க மட்டும்' என்னும் கட்டுப்பாட்டையும் சேர்த்தால், படிகள் சிதையாமல் இருக்கும்.

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய 'டார்' தொகுப்பு, சுவடிக்கட்டினை ஒத்தது. 2005ஆம் ஆண்டிலேயே லினக்ஸ் கருவகத்தில் இணைந்த 'ஃபியூஸ்' நுட்பத்தின் துணையால், அத்தொகுப்பைப் பிரித்துப் பரப்பாமலே ஒரு கோப்புறையாகத் திறந்து, வேண்டிய ஏட்டினைக் காணலாம். இவ்வாறு ஒருவர் திறந்ததை, இயல்பான அமைப்பில், பிற பயனர் காண இயலாது. முதன்மைப் பயனருக்கும் அதில் நுழைவில்லை.

பூட்டு இல்லாத நூலகத்தில் நூல்கள் அழியும். திறக்கவே படாத நூலகத்தில் அறிவு அழியும். தேவையான அளவு மட்டுமே உரிமை வழங்குவது இவ்விரு கேடுகளையும் தவிர்க்கும் நெறியாகும்.

சிந்தனை வினா

உம் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் மாணவர்க்கு எவ்வுரிமைகளை வழங்கலாம்? எவற்றை வழங்கலாகாது? காரணங்களுடன் விளக்குக.