புல்சுனிட்சு நகரம்

செருமானிய நாட்டின் கீழ்ப்பகுதியில் சாக்சனி என்றொரு மாநிலம் உளது. அதன் தலைநகராகிய திரெசுடனுக்கு வடகிழக்கே, ஒரு சிற்றாற்றங்கரையில், அவ்வாற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டு விளங்குவது புல்சுனிட்சு என்னும் சிறுநகரம். முற்காலத்தில் அவ்வாறு இரு நிலப்பகுதிகளுக்கு எல்லையாய் இருந்தது. எல்லையில் அமைந்த ஊருக்குப் போர்த்துன்பம் மிகுதியன்றோ? பதினைந்தாம் நூற்றாண்டில் நிகழ்ந்த உசைத்தர் போர்க்காலத்தில் எழுந்ததெனப்படும் பழைய அரண்வீடொன்று அங்கு இன்றும் நிற்கின்றது.

1375-ஆம் ஆண்டில் இவ்வூர் நகர உரிமை பெற்றது. 1558-இல் இவ்வூர் அப்பம் சுடுவோர்க்கு 'மிளகு அப்பம்' செய்யும் உரிமையும் வழங்கப்பட்டது. பெயரில் மிளகு உண்டேயன்றி அப்பத்தில் மிளகைத் தேடுதல் வீண்! கடல்கடந்து வந்த நறுஞ்சரக்கு அனைத்தையும் அந்நாட்டார் மிளகு என்றே வழங்கினர். மாவைத் தேன்பாகிற் பிசைந்து, வாரக்கணக்கில் வைத்திருந்து, பின்னரே சரக்குகளைச் சேர்த்துச் சுடுவர். அத்தொழில் இன்றும் அங்கு நடைபெறுகின்றது.

மார்ட்டின் லூத்தர் 1517-இல் தொடங்கிய சமயச் சீர்திருத்தம் இவ்வூரிலும் வேரூன்றியது. புனித நிக்கொலாசு பெயரால் அமைந்த கோயில் நகரின் சிறப்புமிக்க கட்டடமாகும். கையுறை தைக்கும் ஏழைத் தொழிலாளி ஒருவர்க்கு 1804-இல் இவ்வூரிற் பிறந்த எர்ன்சுட்டு ரீட்செல், பின்னாளிற் பெருஞ்சிற்பியானார். வைமார் நகரில் கேத்தேயும் சில்லரும் அருகருகே நிற்கும் சிலை அவர் வடித்ததே. வோர்ம்சு நகரில் லூத்தருக்கு அமைத்த நினைவுச்சின்னம் முற்றுப்பெறுமுன் 1861-இல் அவர் மறைந்தார். மாணவர் அதனை முடித்தனர்.

அவருக்கு நூறாண்டு முற்பட்டவர் இவ்வூரின் மற்றொரு மைந்தர், 1682-இல் பிறந்த சீகன்பால்கு. இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், ஆலே நகரிற் பயின்று, தேன்மார்க்கு மன்னரால் அனுப்பப்பெற்று, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். இருபத்து மூன்று வயதினரான அவர் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் தமிழெழுத்துகளை எழுதிக் கற்றார்! பிறர் சமயத்தையும் ஆராய்ந்து, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூல் எழுதினார். அவரை அனுப்பியோர் அதனை அச்சிட விரும்பவில்லை. 1867-இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடோ 1715-இல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி நிறைவுற்றது.

சீகன்பால்கு 1719-இல், முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். புல்சுனிட்சிற் பிறந்த அவரது உடல், தரங்கம்பாடியில் தாமே எழுப்பிய புதிய எருசலேம் கோயிலுள் அடக்கம் செய்யப்பெற்றது.