பிரசங்கம் பண்ணத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

1. நன்றாகப் படியுங்கள். ஒன்றும் படிக்காமல் இருப்பதுதான் தாழ்மை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பவுல், கமாலியேலின் பாதத்தருகே இருந்து படித்தவர். கிரேக்கம் கற்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

2. சாவு வீட்டில் காரணம் சொல்லாதீர்கள். ஃப்ரீசர் பெட்டிக்குள் பிள்ளை கிடக்கும். கண்ணாடியில் படியும் ஈரத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துத் தாய் முகம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய், இன்னதற்காகத்தான் ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று சொல்ல நமக்கு யார் அறிவித்தது? யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறவாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். பிறகு பேச ஆரம்பித்தார்கள், அவனிடம் பாவம் தேடினார்கள். கடைசி அதிகாரத்தில் ஆண்டவருக்குக் கோபம் மூண்டது கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல. அவருக்காக வழக்காடிய இவர்கள்மேல். 'ஏன்' என்று யோபு கேட்டதற்கு அந்தப் புத்தகம் முடியும்வரை விடை வரவில்லை. ஆண்டவரே சொல்லாமல் விட்டதை நாம் சொல்ல வேண்டாம். பாயில் உட்காருங்கள். சின்ன ஜெபம் போதும். தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லையென்றால் எழுந்து போய்க் கொடுங்கள்.

3. யார் திருத்தினாலும் கேளுங்கள். அப்பொல்லோ அலெக்சந்திரியாக்காரர், வேதத்தில் வல்லவர், பேச்சிலும் வல்லவர். எபேசுவில் அவர் போதித்ததைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைத்தவர்கள். சபை நடுவில் அவரை மடக்காமல், தனியே சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார். ஆராதனை முடிந்து ஓர் அக்கா உங்களிடம் வந்து, "ஐயா, அந்த வசனத்தின் முன்பகுதியையும் வாசித்துப் பாருங்கள்" என்றால், முகம் கோணாமல் வேதத்தைத் திறங்கள்.

4. பழைய பிரசங்கக் குறிப்புகளை எடுத்துத் திருத்துங்கள். அகுஸ்தீன் முதுமையில், 427 வாக்கில், தாம் எழுதிய நூல்களை வரிசையாக எடுத்து, சரியில்லை என்று பட்டதையெல்லாம் தாமே குறித்து ஒரு நூல் எழுதினார்.

5. ஆண்டவரின் இரண்டாம் வருகைக்கு நாள் குறிக்காதீர்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் வேத எண்களைக் கூட்டிக் கணக்குப் போட்டார். அந்த வழியில் வந்தவர்கள் 1844 அக்டோபர் 22 என்று குறித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள், விடிந்தது, மனம் உடைந்து போனார்கள். அந்த நாள் குமாரனுக்கும் தெரியாது என்று மாற்கு 13-ல் இயேசுவே சொல்லியிருக்கிறார். உங்களிடம் கேட்டால், தெரியாது என்று பிரசங்க மேடையிலிருந்தே சொல்லுங்கள்.