இருபது என்று எழுதாதே

அன்பு மகளுக்கு,

வேலையில் சேர்ந்து மூன்று மாதமாகியும் அந்த வார்டில் விருந்தாளி மாதிரியே இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். சாப்பிடப் போகும்போது சீனியர்கள் கூப்பிடுவதில்லை, ரவுண்ட்ஸில் டாக்டர் உன் பக்கம் திரும்புவதில்லை, படித்தது ஒன்று நடப்பது ஒன்று. இதில் உன் குறை எதுவும் இல்லையம்மா. மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கச் செவிலியர் புதிய செவிலியர்களின் இந்தத் தவிப்பைப் பற்றி 1974-லேயே ஒரு புத்தகம் எழுதினார். இது நாளாக நாளாகக் குறையும்.

என்னை உறுத்தியது உன் கடிதத்தின் வேறொரு பகுதி. நைட் டியூட்டியில் நாற்பது நோயாளிகள், நீ ஒருத்தி. "மூச்சுக்கு எல்லாருக்கும் 20 போட்டுடு, இங்கே எல்லாரும் அப்படித்தான்" என்றார் சீனியர். போட்டாய். அன்றுதான் முதல்முறையாக உனக்கும் சேர்த்து டீ வாங்கிவரச் சொன்னார்கள். அந்த டீயில் உனக்கு வந்த சந்தோஷம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த விலைக்கு அதை வாங்காதே.

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. நிமோனியாவிலோ ரத்தத்தில் கிருமி பரவும்போதோ பிரஷர் இறங்குவதற்கு முன்பே பல சமயம் மூச்சு ஏறிவிடும். மூச்சு 28 இருக்கும் இடத்தில் சார்ட்டில் 20 என்று இருந்தால், காலையில் டாக்டர் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போய்விடுவார். நாடி பார்த்து முடித்ததும் கையை எடுக்காதே. நாடி பார்ப்பது போலவே விரலை வைத்துக்கொண்டு மார்பு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ணு. எண்ணுவது நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும்.

நாற்பது பேருக்கும் முடியாதுதான். ஆபரேஷன் முடிந்தவர், காய்ச்சல்காரர், மூச்சு வாங்குகிறவர் ஆகியோரை முதலில் பார். விட்டுப்போனதை 'பார்க்கவில்லை' என்றே சார்ட்டில் எழுதி, ஹேண்ட் ஓவரில் வாய்விட்டுச் சொல். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஆறாம் கட்டில் தாத்தாவுக்கு ராத்திரி மூச்சு ஏறியது என்று நீ சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நம்பத் தொடங்குவார்கள். அதன் பிறகு அந்த வார்டில் உனக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த சீனியரை வெறுக்காதே. நீர்வற்றிய குழந்தையின் கையில் நரம்பு தேடிப் பிடிக்கும் வித்தை அவரிடம் இருக்கும்; பக்கத்தில் நின்று கற்றுக்கொள். மருத்துவக் கல்லூரி சாராத மருத்துவமனையின் பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அதைக் கண்ணாலும் காணாமல் வருஷக்கணக்கில் உழைத்தவர் அவர். அவரை 20 போட வைத்தது அந்தப் பற்றாக்குறை.

அதைத் தனியாளாக உன்னால் சரிசெய்ய முடியாது. 2015-ல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நம் தமிழக அரசின் ஒப்பந்தச் செவிலியர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவப் பணிகள் இயக்குநரக (டிஎம்எஸ்) வளாகத்தில் திரண்டார்கள். வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராதவர்கள். உன் வார்டின் சாப்பாட்டு மேஜையை விடப் பெரிய சொந்தம் அது.

செவிலியர் சங்கத்தில் சேர். அடுத்த கூட்டத்துக்கு நைட் டியூட்டி ரோஸ்டரைக் கையில் எடுத்துப் போ. நாற்பது பேருக்கு ஒருத்தி என்பதை அங்கே எழுந்து நின்று சொல்.

அன்புடன்,
பெரியம்மா