இரண்டாவது வாடகைதாரர்

நெய்வேலி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரித்தோப்பில் குத்தகைக்கு இடம் பேசி, சொந்தமாக செல்போன் டவர் நிறுத்தப் போகிறாய் என்று அண்ணன் சொன்னபோதே மகிழ்ந்தேன். ஒரு பெரிய கம்பெனி பத்து வருஷ வாடகைக்குக் கையெழுத்துப் போடத் தயார் என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘ஒரு’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

2010-ல் ஜிடிஎல் இன்ஃப்ரா, ஏர்செல்லின் 17,500 டவர்களை 8,400 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. டவரை நிறுத்தி வாடகைக்கு விடும் தனிக் கம்பெனி அது. நீ இறங்கப் போகும் தொழிலேதான். போட்ட பணத்தில் பெரும்பகுதி கடன். அடுத்த ஆண்டே கடன் சீரமைப்புக்குப் போக வேண்டியதாயிற்று. 2018 பிப்ரவரியில், அந்த டவர்களில் வாடகைக்கு இருந்த ஏர்செல் திவால் மனு போட்டது. தமிழ்நாடு முழுக்க ஜனங்கள் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள அலைந்தார்கள். நம்பர் மாறிப் போய்விடும். டவர் எங்கே போகும்? ஆள் காலி செய்த வீடு மாதிரி வெயிலில் நிற்கும். நிலக்காரருக்குக் குத்தகைப் பணம் மட்டும் தவணை தவறாமல் போயாக வேண்டும்.

ஒரு கம்பெனி ஆன்டெனா மாட்டினாலும் மூன்று கம்பெனி மாட்டினாலும் இடம், வேலி, ஜெனரேட்டர், காவல் எல்லாம் ஏறக்குறைய அதே செலவுதான். முதல் வாடகை வங்கித் தவணைக்குச் சரியாகிவிடும். இரண்டாவது ஆள் வந்த பிறகுதான் உன் கையில் காசு தங்கும். அதனால் அஸ்திவாரம் தோண்டுமுன்பே இரண்டாவது ஆளைப் போய்ப் பார். இரும்பையும் கான்கிரீட்டையும் மூன்று பேரின் பாரத்துக்குக் கணக்குப் போடு. பிறகு பலப்படுத்துவது பெரும் செலவு.

நம் ஊரில் 1957-ல் மண்ணை வெட்ட ஆரம்பித்து, 1961-ல்தான் பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் பார்த்தார்கள். அடியிலிருந்து பீறிடும் நீரை இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்கியது அரசாங்கப் பணம். உன் பணம் வங்கியுடையது. நான்கு வருஷம் அது காத்திருக்காது. ஆகவே ஒரே ஒரு டவரோடு தொடங்கு.

தானே புயல் உனக்கு நினைவிருக்காது. 2011 டிசம்பர் 30, விடியற்காலை. மறுநாள் குறிஞ்சிப்பாடியில் உன் அத்தை எப்படி இருக்கிறாளோ என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போன் செத்துக் கிடந்தது. சாலை நெடுக பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. சைக்கிளைத் தோளில் தூக்கித் தூக்கித்தான் தாண்டினேன். வழியில் ஒரு டவர் வளையாமல் நேராக நின்றது. மின்சாரம் இல்லை, அடியில் இருந்த ஜெனரேட்டர் பெட்டியின் கதவு பூட்டியிருந்தது. டீசல் தீர்ந்து இரண்டு மணி நேரம் ஆயிற்று என்றார் காவல்காரர். அத்தை நலமாகத்தான் இருந்தாள். ஆனால் அது தெரியாமல் நான் நடந்த அந்தப் பாதி நாளை இன்றும் மறக்க முடியவில்லை. பெயர்ப் பலகைக்கு முன்னால் பேட்டரிக்குச் செலவழி. புயல் காலத்தில் டீசல் கொண்டுவர அந்த ஊர்ப் பையன்கள் இருவரைச் சம்பளத்துக்கு வை.

ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தோடு வா. கம்பெனிக்காரர் தந்த ஒப்பந்த நகலையும் எடுத்து வா. நடுவில் விலகிக்கொள்ள அவர்களுக்கு எந்தப் பக்கத்தில் வழி விட்டிருக்கிறார்கள் என்று சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா