சார்ஜ் கொடுப்பதும் எடுப்பதும்

பட்டாளத்தில் கற்றதில் இன்றுவரை எனக்குக் கைகொடுப்பது எஞ்சின் வேலையைவிட, ஒழுங்காகச் சார்ஜ் கொடுக்கவும் எடுக்கவும், அதாவது பொறுப்பை ஒப்படைக்கவும் ஏற்கவும், பழகியதுதான். பென்ஷன் வாங்கி ஊர் திரும்பப்போகும் தம்பிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

1988-இல் சேரப்பணஞ்சேரியிலிருந்து போய் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவான இ.எம்.இ.யில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்தேன். செகந்திராபாத்தில் பயிற்சி. பிறகு பல ஊர்கள். தொழிலைச் சொல்லிக்கொடுத்தது லடாக்கின் லே. சுமார் 3,500 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் டீசல் சரியாக எரியாமல் கரும்புகை தள்ளும். குளிரில் டீசலே மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்குக் கொடுக்கத் தொடங்கியது 2019-இல்தான். அதற்குமுன் மண்ணெண்ணெய் கலந்து சமாளிப்பது அங்கே வழக்கம். ஏர் பிரேக் டேங்கில் சேரும் தண்ணீரை மாலையே வடித்துவிட வேண்டும். விட்டால் இரவில் உறைந்து குழாயை அடைக்கும். காலையில் பிரேக்கை நம்பி மலையிறங்க முடியாது. அதனால் வண்டியை ஒப்படைக்கிறவன், செய்த வேலையைவிடச் செய்யாமல் விட்ட வேலையைத்தான் முதலில் சொல்வான். டைரியில் எழுதுவான், வண்டிக்கு அருகிலேயே நின்று விரலால் காட்டவும் செய்வான்.

2012-இல் ஹவில்தாராக வெளியே வந்தபோது எங்கள் ஊருக்குப் பக்கத்து ஒரகடம் மாறியிருந்தது. ரெனோ-நிஸான் 2010-இல் வந்துவிட்டது. டைம்லர் லாரி ஆலை அந்த வருஷம்தான் திறந்தது. நான் கழற்றி மாட்டிய ஜோங்கா, நிஸான் வடிவமைப்பில் ஜபல்பூரில் செய்தது. நிஸான் பெயரை எங்கள் ஊர்ப் பக்கம் பலகையில் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது.

உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் “கிளாஸ் ஒன் மெக்கானிக்” என்றால் யாருக்கும் புரியாது. எந்த எஞ்சினைப் பிரித்தீர்கள், என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். மேலதிகாரி உங்கள் மகன் வயதில் இருப்பார். தயங்காமல் “சார்” என்று கூப்பிடுங்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸை அடுத்த ஷிப்டுக்கு விடும்போது போனில் சொல்லாதீர்கள், மெஷின் முன்னால் நின்று சொல்லுங்கள். எந்த வால்வு கசிகிறது, எந்தப் பூட்டு இன்னும் மாட்டியிருக்கிறது என்பது தெரியாமல் ஒருவன் பட்டனைத் தொட்டால் போவது கை.

வீட்டில்தான் இப்படிச் சார்ஜ் எடுப்பது மிக அவசியம். நான் இல்லாத வருஷங்களில் ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அம்மாவின் வைத்தியம், ஏரிக்கரை நிலத்தின் வரப்புத் தகராறு எல்லாவற்றையும் பார்த்தவள் என் மனைவி. திரும்பி வந்ததும் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். “பையன்கிட்ட அதட்டிப் பேசாதீங்க. அவன் உங்கள லீவுலதான் பாத்திருக்கான்” என்றாள். அதைவிடத் தேவையான தகவலை எனக்கு யாரும் தந்ததில்லை.

காகித விஷயத்திலும் கவனம் வேண்டும். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல். படைப் பதிவில் அது விரிந்து வேறு உருவம் எடுக்கும். மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதார், வங்கிக் கணக்கு, படைப் பதிவு மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று சர்வீஸில் இருக்கும்போதே பாருங்கள். படைப் பதிவில் மாற்றம் சேர்க்கும் பார்ட் டூ ஆர்டரில் அப்போது திருத்துவது சுலபம், வெளியே வந்தபின் அலைச்சல். நான்கு வருஷத்தில் திரும்பும் அக்னிவீர் தம்பிகளுக்குப் பென்ஷன் கிடையாது. அவர்கள் தொழில் சான்றிதழைக் கையில் வாங்காமல் ரயில் ஏறக்கூடாது.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கொரு முறை தரவேண்டிய உயிர்வாழ் சான்றை இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். எங்கள் வீட்டில் அதை என் மனைவிதான் செய்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அவள் தனியாகச் செய்யவேண்டியிருக்கும். பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ. எந்த ஃபைலில் இருக்கிறது, எந்த அலுவலகத்தில் என்ன கேட்பார்கள் என்பதையும் அவள் நோட்டில் அவள் கையெழுத்திலேயே எழுதிவைத்திருக்கிறோம்.